இல்லாத பிரேக்

வாராவாரம் இந்த வீட்டுக்குள் வந்துபோகிறவர்களுக்குத் தெரியும், டாக்டர் சொன்ன ஆறு வாரம் இந்த வியாழக்கிழமையோடு முடிகிறது. புதிதாக வருகிறவர்கள் ஒன்று தெரிந்துகொண்டால் போதும். ஆறு வாரத்துக்கு முன்னால் அம்மா மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தாள். இன்னும் ஒரு படி பாக்கியிருந்தது. வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு உடைந்து, உள்ளே ஒரு பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் அம்மா கண் விழித்தபோது அந்தக் கால் இரண்டு தலையணைகளின் மேல் இருந்தது. மற்ற உடம்பு அதற்குக் கீழே எங்கோ கிடந்தது. சில விடியற்காலைகளில் அது தன் கால் இல்லை, யாரோ பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்துவிட்டுப் போன குழந்தை என்று அம்மாவுக்குத் தோன்றும். குழந்தை தூங்க வேண்டும் என்பதற்காகத் தான் புரண்டு படுக்காமல் இருப்பதாகவும் தோன்றும்.

வலி பழகிவிட்டது. கேட்பதுதான் பழகவில்லை. தண்ணீர் கேட்க வேண்டும். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குளிக்கும்போது கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ஒட்டுவதற்கு ஒருவர், ஸ்டூலில் இருந்து எழுப்ப ஒருவர். பத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, இடது, வலது, நிறுத்து, போ என்று சொல்லியே பழகிய வாய் அவளுடையது. கேட்டபின் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்து, சலிப்பு இருக்கிறதா என்று தேடும் வேலையை அந்த வாயால் செய்ய முடியவில்லை. கண்தான் செய்தது.

அடுப்படியில் அப்பா ரொட்டியைக் கருக்கிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வாரம் அவர் ஆர்வமாகச் சமைத்தார். மூன்றாவது, நான்காவது வாரம் பொறுப்பாகச் சமைத்தார். இப்போது சமைக்கிறார், அவ்வளவுதான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களை ஏற்றி இறக்குகிறவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். தெருவில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்த ஆறு வாரமாக யாரும் சொல்வதில்லை.

அம்மா விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லா வேலைக்கும் ஒரே பதில்தான். ஃபேனைத் துடைக்க வேண்டுமா, வியாழக்கிழமைக்கு அப்புறம். அப்பாவுக்கு முடி வெட்ட வேண்டுமா, வியாழக்கிழமைக்கு அப்புறம். அப்பாவின் அலுவலகத்திலிருந்து எதற்கோ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் போனில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாண்டுவுக்கும் அப்படி ஒன்று இருந்தது.

வாண்டு என்றால் வீட்டின் ஒரே மகள். இருபத்து மூன்று வயதாகியும் பெயர் மாறவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். ரயிலில் ஓர் இரவு தூரத்தில் இருக்கும் ஒரு லென்ஸ் தொழிற்சாலை அவளைப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. முடிந்த கையோடு அங்கேயே வேலை. போன மாதமே போயிருக்க வேண்டும். அம்மா விழுந்ததால் ஒருமுறை தள்ளிப்போட்டார்கள். இன்னொருமுறை தள்ள முடியாது, திங்கட்கிழமை வருவீர்களா மாட்டீர்களா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று கடிதம் வந்திருந்தது.

எலும்பு கூடியிருந்தால் அவள் போவாள். கூடவில்லை என்றால் போகமாட்டாள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக அம்மா தூங்கியபின் அவளுடைய கட்டை வாண்டு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள் என்பதும், அம்மா தூங்குவதில்லை என்பதும் இருவருக்குமே தெரிந்த விஷயம்.

கிளம்பும் நேரத்தில் அப்பாவுக்கு அழைப்பு வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போங்க," என்றாள் அம்மா. "மாட்டிக்கிட்டவங்களப் பாருங்க. நான் எங்க ஓடிடப் போறேன்."

அவர் வாசலில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, கட்டு பிரித்ததும் தனக்குப் போன் பண்ண வேண்டாம், நேரில் வந்து நடப்பதைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடிப்படி முப்பத்து நான்கு. அம்மா உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கினாள். கையை ஊன்றி, இடுப்பை நகர்த்தி, அடுத்த படி. கீழே நின்று காலைத் தாங்கிப் பிடித்தபடி வாண்டு பின்னோக்கி இறங்கினாள். வழியில் மேல்வீட்டுக்காரர் ஒருவர் ஏற வேண்டியிருந்தது. சுவரோடு ஒட்டி நின்று, ஒரு ஊர்வலத்துக்கு வழிவிடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே கடை முதலாளியின் கார் நின்றிருந்தது. டாக்சி வேண்டாம், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று வாண்டு இரவல் வாங்கி வந்திருந்தாள். முன் இருக்கையை முடிந்தவரை பின்னால் தள்ளி, அம்மா காலை நீட்டிக்கொள்ள இடம் செய்திருந்தாள்.

வாண்டுவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அம்மா இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் தொடங்கியது மட்டும் அம்மாதான். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே வருவதை மாணவர்கள் பார்ப்பதற்குள் அம்மாவின் கால் அதை மிதித்திருக்கும். அதனால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயரே பிரேக் மேடம். வாண்டு ஓட்டிய மூன்றாவது நாள் பதினோராவது தடவையாகக் கார் நின்றபோது, அவள் சாவியை எடுத்து அம்மா மடியில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் அதே பள்ளியில் வேறொரு மாஸ்டரிடம் கற்றுக்கொண்டாள். அவள் ஓட்ட, பக்கத்தில் அம்மா உட்கார்ந்தது அதற்குப் பிறகு இன்றுதான்.

வாயைத் திறப்பதில்லை என்று அம்மா முடிவு செய்திருந்தாள். பழைய எக்ஸ்ரே இருந்த பையை மடியில் வைத்து, கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

வாண்டு நன்றாக ஓட்டினாள். கியர் மாறுவது காதுக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் உடம்பு சாயவில்லை. ஆறு வாரமாக ஜன்னலின் அளவுக்கே இருந்த ஊர், இப்போது இரண்டு பக்கமும் நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. கடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே சுருண்டன. யாரோ நடைபாதையைக் கழுவி விட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இரண்டு கால்கள் இருந்தன, அதைப்பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் தூக்கம்கூட வந்தது.

நின்றிருந்த ஒரு பஸ்ஸின் மறைவிலிருந்து, சுருட்டிய மெத்தையைத் தலையில் வைத்திருந்த ஒருவர் திடீரென்று தெருவில் இறங்கினார்.

கார் நின்றது. அவருக்கும் காருக்கும் இடையில் இன்னொருவர் நடந்துபோகும் அளவுக்கு இடம் இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மாவின் வலது கால் நீட்டிய நிலையிலிருந்து எழுந்து, கார் தரையை முழுப் பலத்தோடு மிதித்திருந்தது.

குதிகாலில் நுழைந்த ஒரு சூடான கம்பி முழங்காலில் வெளியே வந்தது. கண்ணெதிரே இருந்த பஸ் வெளுத்துப் போய், மெல்ல மறுபடி நிறத்துக்கு வந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் வாண்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி. "இடிச்சுக்கிட்டியா?"

"பை விழுந்துருச்சு," என்றாள் அம்மா. பை மடியில்தான் இருந்தது. நல்லவேளை, வாண்டு தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது வெளியே வந்த கால் ஒல்லியாக, தோல் உரிந்து, வேறு யாரோ வயதானவருடையதாக இருந்தது. தையல் போட்ட தடம் இரண்டு பக்கமும் ஓடியது. வாண்டு அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

டாக்டர் களைத்திருந்தார். அன்று அவர் பார்த்த முப்பதாவது எலும்பாக இருக்கலாம். புதுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பழைய படத்தைப் பக்கத்தில் மாட்டி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனா முனையால் ஒரு இடத்தைக் காட்டினார். பிளேட் சரியாக இருக்கிறது. ஆனால் மேலே இருக்கும் ஸ்க்ரூ கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது, அதன் கீழே எலும்பில் கோடு இன்னும் மூடவில்லை.

"கால ஊனினீங்களா?" என்றார். திட்டுகிற குரல் இல்லை. படிவத்தை நிரப்புகிறவரின் குரல்.

வாண்டு படத்துக்கு அருகில் வந்து நின்றாள். இது எப்போது நடந்திருக்கும் என்று கேட்டாள். போன வாரம் நடந்ததா, இன்று காலை நடந்ததா என்றெல்லாம் படத்துக்குத் தெரியாது என்றார் டாக்டர்.

இன்று காலை என்ற சொல்லில் வாண்டுவின் முகம் லேசாகத் திரும்பியது. எதையோ தேடப் போகிற முகம். அம்மாவுக்கு அந்த முகம் தெரியும். அது அந்தத் தெருவுக்கும், அந்த பஸ்ஸுக்கும், அந்தச் சத்தத்துக்கும் போய்ச்சேர இன்னும் ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் வாழ்நாள் முழுக்க, நான் ஓட்டியதால்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

"ஒரு வாரமா ஊனிட்டுதான் இருந்தேன்," என்றாள் அம்மா. "பாத்ரூமுக்குப் போறப்ப. ராத்திரில."

டாக்டர் தலையாட்டி எழுதினார். இன்னும் நான்கு வாரம், புதுக் கட்டு, துளியும் எடை வைக்கக் கூடாது, தனியாக எழவே கூடாது. ஸ்க்ரூ இன்னும் வெளியே வந்தால் திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும். அடுத்தவரை வரச் சொல்லுங்கள்.

திரும்பும்போது வாண்டு பின்கதவைத் திறந்தாள். அம்மா பின் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வழி முழுக்க மகளின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எந்த வயதிலும் பின்னந்தலை மட்டும் குழந்தையுடையதாகவே இருக்கிறது.

படியில் ஏறுவது இறங்குவதைவிட மெதுவான வேலை. முதுகை மேல்படிகளின் பக்கம் வைத்து, கையை ஊன்றி, இடுப்பை ஒரு படி தூக்க வேண்டும். வாண்டு கீழே நின்று புதுக் கட்டைத் தாங்கியிருந்தாள். பதினைந்தாவது படியில் அம்மா மூச்சு வாங்க நின்றபோதுதான் அவள் பேசினாள்.

"எத்தன தடவ?"

"என்னது?"

"ஊனினது. ஒரு ராத்திரிக்கு எத்தன தடவ?"

பொய்க்கு இவ்வளவு விவரம் தேவைப்படும் என்று அம்மா நினைக்கவில்லை. ஒரு தடவை என்றாள். சில நாள் இரண்டு.

"நான் பக்கத்துலதான் பாய் போட்டுப் படுத்திருக்கேன்."

"நீ அசந்து தூங்கிட்டு இருந்த."

"என்னத் தாண்டித்தான் போகணும். என்னத் தாண்டிப் போயிருக்க. ஒரு குரல் குடுக்கல." வாண்டு கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "சரி. மேல ஏறு."

மிச்சம் பத்தொன்பது படியையும் ஏறி முடித்தார்கள்.

கட்டிலில் படுக்கவைத்து, தலையணைகளை அடுக்கி, காலை அதன்மேல் வைத்து, தண்ணீரும் மாத்திரையும் கொடுத்துவிட்டு வாண்டு ஜன்னல் ஓரம் நாற்காலியில் போனோடு உட்கார்ந்தாள். மணி நாலே கால். என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டாள். தொழிற்சாலைக்கு எழுதுகிறேன் என்றாள்.

"என்னன்னு?"

"வர முடியலன்னு."

நீ போ, இங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. வாண்டு நிமிரவில்லை. எதை நம்பிப் போவது என்று கேட்டாள். பக்கத்தில் ஆள் படுத்திருக்கும்போதே எழுந்து நடக்கிறவள், ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வாய். நான் அங்கே லென்ஸ் தேய்த்துக்கொண்டு, இந்நேரம் எழுந்திருப்பாளோ, இந்நேரம் விழுந்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா. அதற்கு இங்கேயே இருந்துவிடலாம்.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மனதில் பாரமில்லாமல் போகட்டும் என்று சொன்ன பொய், போக விடாமல் அவளை இந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தது. அவிழ்க்க வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், எதை அவள்மேல் படாமல் மறைத்தாளோ அது நேராக அவள்மேல் போய் விழும்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு களைப்பாக இருந்தது. அப்படியே தூங்கிவிட்டால் மணி ஐந்தாகிவிடும். யாரும் எதுவும் முடிவு செய்யாமலே எல்லாம் முடிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்தது. யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அந்தப் புது அமைதியில் வாண்டு எழுத்துகளைத் தட்டும் ஓசை கேட்டது.

"வாண்டு. நான் கால ஊனவே இல்ல."

தட்டும் ஓசை நின்றது.

"டாக்டர்கிட்ட சொன்னது பொய். ஒரு நாள்கூட எந்திரிக்கல. உன்ன எழுப்பாம நான் எதுவும் பண்ணல."

"அப்ப ஸ்க்ரூ?"

"கார்ல. மெத்தைக்காரர் குறுக்க வந்தப்ப பிரேக்க மிதிச்சேன்."

"எந்த பிரேக்க?"

"அந்தக் கார்ல எனக்கு ஏது பிரேக்கு. சும்மா தரைதான்."

வாண்டு போனை மடியில் வைத்தாள். அவள் முகத்தில் அந்தத் தெரு வந்தது, பஸ் வந்தது, சத்தம் வந்தது. எல்லாம் சரியாக வந்து சேர்ந்தன.

"அப்ப நான் ஓட்டினதாலதான்."

"இல்ல. கேளு." அம்மா முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தாள். "நான் மிதிக்கறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுருச்சு. பத்தொம்பது வருஷமா எத்தன பேர் பக்கத்துல உக்காந்திருக்கேன். எவன் காலும் என் காலுக்கு முன்னாடி போனதில்ல. இன்னிக்கு உன் கால் போயிருச்சு. நின்ன வண்டியத்தான் நான் நிறுத்தினேன். உன்ன நம்பாம."

வாண்டு தன் கையைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியின் நிழல் அவளுடைய கையில் விழுந்து, மெல்ல மணிக்கட்டு வரை நகர்ந்திருந்தது.

"இத அந்த மூணாவது நாளே சொல்லியிருந்தா, நான் அவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டேன்."

"அன்னிக்கு நீ கேவலமாத்தான் ஓட்டின."

சிரிப்பு வாண்டுவுக்கு வேண்டாமலே வந்தது. சிரித்து முடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்து, நான்கு வாரம் எழ மாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றாள். அம்மா பண்ணினாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் குரல் கொடுப்பேன் என்று சொல்லச் சொன்னாள். சொன்னாள். இன்னொரு பொய் உண்டா என்று கேட்டாள். வலி கொஞ்சம்தான் என்று சொன்னது பொய், நிறையவே வலிக்கிறது என்றாள் அம்மா. வாண்டு எழுந்து இன்னொரு மாத்திரை எடுத்து வந்தாள்.

"யாருக்கும்மா குரல் குடுப்ப? அதச் சொல்லு."

"அப்பா இருக்காருல்ல. அவர் சமையலச் சாப்பிட்டு இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல."

வாண்டு எழுதியதை அழித்தாள். வருகிறேன் என்று புதிதாக எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். அம்மா எந்த முகமும் வைத்துக்கொள்ளாமல் இருக்க முயன்றாள். நாலு ஐம்பதுக்கு அது போய்ச்சேர்ந்தது.

பிறகு இருவருக்கும் வந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மூட்டையைச் சுமந்து வந்தவர்கள் அதை இறக்கிவைத்ததும், தோள் எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது.

ஐந்தரை மணிக்குப் படியில் அப்பாவின் காலடி கேட்டது. வழக்கத்தைவிட வேகமாக, இரண்டிரண்டு படியாக ஏறி வந்தது. வாண்டுவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சொல்வது என்று வாண்டு சைகையில் கேட்டாள். காலைப் பற்றி நான் சொல்கிறேன், வேலையைப் பற்றி நீ சொல் என்று அம்மாவும் சைகையிலேயே சொன்னாள்.

அப்பா அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. வாசலிலேயே ஷூவைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தார். லிஃப்ட்டில் மாட்டிய இருவரும் நலம். ஒருவர் உள்ளேயே உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். கொடுத்துவைத்தவர். அப்புறம், அலுவலகத்தில் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்களே, வெளியூரில் புதுக் கட்டடம், நாலு லிஃப்ட், பத்து நாள் வேலை. தான் போகாவிட்டால் அடுத்த மாதம் சூப்பர்வைசர் பதவி இன்னொருவருக்குப் போய்விடும் என்று இன்று நேராகவே சொல்லிவிட்டார்கள்.

"இன்னிக்குத்தான் வியாழக்கிழமை வந்துருச்சே," என்றபடி உள்ளே வந்தார். முகத்தில் ஆறு வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. "திங்கக்கிழமை காலைல கிளம்பறேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

வாண்டுவின் மடியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

அப்பா கட்டிலருகே வந்தார். தலையணையின் மேல் இருந்த புதுக் கட்டைப் பார்த்தார். குனிந்து, அது என்ன என்று தெரியாதவரைப் போல விரல் நுனியால் தொட்டார். இன்னும் ஈரமாக இருந்தது.

அந்த எலும்பு கூடுவதற்குள், அம்மாவைத் தவிர எல்லோரும் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.